எதற்கு ஹியாவ் சொன்னேன்

நேற்று மாலை பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அவித்த ஜாகோங், சோளக்கதிர், விற்பவர் கதிர்களை உரித்து, பச்சைத் தோலைக் காலடியில் இருந்த கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆவியோடு அந்தத் தோலின் வாசனையும் வந்தது. வேறு எதையோ வாங்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன அக்கா, ஆப்பிரிக்கா அக்கா வரலையா? தோலு நெறைய கெடக்குதுலா. வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"அவங்க ஊருக்குப் போயிட்டாங்க அண்ணே" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்தது அதுதான். சொல்லிவிட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. நீ போகாத இடம் என்று ஒன்று உண்டென்றால், அது உன் ஊர்தான்.

அவரிடம் முதல் தடவை நீ தோலைக் கேட்டது நினைவிருக்கிறதா? கதிர் வேண்டாம், தோல் மட்டும் போதும் என்றாய். "ஏன் அக்கா, வீட்ல ஆடு வளக்கிறீங்களா?" என்றார் அவர். நீ என் அம்மாவிடம் கற்ற தமிழில், முகத்தை மாற்றாமல், "ஆடு இல்ல அண்ணே. நான்தான் ஆடு" என்றாய். அன்றிலிருந்து உனக்கென்று ஒரு பை நிறைய எடுத்து வைத்தார். அந்தத் தோலில்தான் நீ புளிக்க வைத்த சோளமாவை உருட்டிப் பொதிந்து அவிப்பாய். கோமி என்பாய் அதை. முதன்முதலில் அம்மாவுக்குக் கொண்டு வந்தபோது, அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "கொழுக்கட்டைதான். கெட்டுப்போன கொழுக்கட்டை" என்றார். பிறகு பொரித்த மீனும் மிளகாய்ச் சம்பாலும் வைத்து, கெட்டுப்போனதில் இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றார்.

நாம் இருவரும் பட்டர்வொர்த்தில் ஒரே கல்லூரியில் ஆசிரியைகளாக இருந்தோம். நீ கானாவிலிருந்து மேற்படிப்புக்காகப் பினாங்குத் தீவில் கெலுகோருக்கு வந்து, படிப்பு முடிந்தும் திரும்பாமல் இங்கேயே வேலை தேடிக்கொண்டவள். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மாடியறையில் குடியிருந்தாய். தீவிலிருந்து கல்லூரிக்குத் தினமும் ஒன்றாகத்தான் ஃபெரி ஏறுவோம், செவ்வாய்க்கிழமை தவிர. உன் ஊர் மீனவர்கள் செவ்வாயன்று கடலில் இறங்க மாட்டார்கள், கடலுக்கு அன்று ஓய்வு என்றாய். அதனால் செவ்வாய்தோறும் நீ பாலத்தைச் சுற்றி பஸ்ஸில் வந்து, வகுப்புக்குத் தாமதமாக, வியர்த்து நிற்பாய். "ஃபெரி ஓட்டுறவன் மீனா பிடிக்கிறான்?" என்று கேட்டேன். "கடலுக்குத் தெரியுமா, வந்தது வலையா கப்பலான்னு?" என்றாய்.

உன் அப்பா கா இனத்தவர். உன் அம்மா டங்மே இனத்தவர். அவர்கள் பேசுவது உறவுள்ள இரண்டு மொழிகள். ஆனால் ஒன்றல்ல என்பதில் நீ விட்டுக்கொடுத்ததே இல்லை. தலைநகர் அக்ராவின் கடற்கரையில் அப்பா வீடு. கிழக்கே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அம்மா வீடு. அக்ராவில் உன்னை கா என்றே கணக்கில் வைத்துக்கொண்டார்களாம். டங்மேயும்தான் என்று நீ சொன்னால், எல்லாம் ஒன்றுதானே என்று சிரிப்பார்களாம். இங்கே வந்த பிறகு எந்த அலுவலகத்தில் இனம் என்னவென்று கேட்டாலும் உன்னை லாயின்-லாயினில், மற்றவர்கள் என்பதில் சேர்த்தார்கள். நான் உனக்காக வருத்தப்பட்டேன். நீ வருத்தப்படவில்லை. "பரவால்லலா. இங்க ரெண்டு தடவ சொல்றாங்க பாரு. ஒரு லாயின் காவுக்கு, ஒரு லாயின் டங்மேக்கு."

கடவுளிடம் பேசுவது அப்பாவின் மொழியில். ஆளைத் திட்டுவதும் அரிசி அளப்பதும் அம்மாவின் மொழியில். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும்.

சனிக்கிழமை காலைகளில் உன் அறை வாசலில் நின்று ஒரு குவளைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊற்றிக்கொண்டே முன்னோர்களை அழைப்பாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்கும் போவாய். கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் சொந்தம். ஒருத்தர பாத்துட்டு ஒருத்தர விட முடியுமா?" என்றாய். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் உனக்கு ஒரு குறை இருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லை. "ச்வா, ச்வா, ச்வா! ஒமன்யே அபா!" என்று ஒருவர் சொன்னால், நன்மை வரட்டும் என்று அதற்கு அர்த்தம், சுற்றி நிற்பவர்கள் "ஹியாவ்" என்று சொல்ல வேண்டும். அப்படியே ஆகட்டும் என்பதுபோல. அந்தப் பதில் வராமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. தனியாகச் சொன்னால் அது பிரார்த்தனை இல்லை, புலம்பல் என்றாய்.

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் வீட்டு ஜெபமாலையும் அப்படித்தான். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு அம்மா சாயங்காலங்களில் இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொண்டிருந்தார். நீதான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். சில வாரங்களிலேயே பின்பாதி முழுவதும் தமிழில் உனக்கு மனப்பாடம். அர்த்தம் பாதிகூடத் தெரியாது. ஆனால் அம்மா மூச்சு விடும் இடத்தில் சரியாக எடுத்துக்கொள்வாய். "இவதான் எனக்குப் பதில் சொல்ற பிள்ள. நான் பெத்தது சோபாவுல போன தேய்க்குது" என்று அம்மா என் காதில் விழும்படி சொல்வார்.

அதற்குக் கைம்மாறாக நான் உன் சனிக்கிழமைகளுக்கு வந்தேன். அர்த்தம் கேட்டால், "அதெல்லாம் அப்புறம். முதல்ல இடம் பிடி" என்பாய். உன் குரல் ஏறி, ஒரு கணம் தொங்கி, இறங்கும் இடத்தில் ஹியாவ். ஒருநாள் நீ நீளமாக, மிகுந்த பக்தியோடு ஏதோ சொன்னாய். நான் ஒவ்வொரு இடத்திலும் தவறாமல் ஹியாவ் என்றேன். முடித்துவிட்டு நீ சுவரில் சாய்ந்து சிரித்தாய். "என்ன சொன்னேன் தெரியுமா? ஹவுஸ் ஓனருக்குப் பல்லெல்லாம் கொட்டட்டும்னேன். ஆகட்டும்னுட்ட. அவர் ஏர்கோன் ரிப்பேர் பண்ணித் தராத வரைக்கும் கஞ்சிதான் குடிக்கணும்னேன். அதுக்கும் ஆகட்டும்னுட்ட." எனக்கும் சிரிப்பு வந்தது. படுபாவி, நான் கத்தோலிக்கப் பிள்ளை என்று உன்னை அடித்தேன். "பயப்படாதே, நீ நல்லா பதில் சொல்ற. எங்க ஊர்ல உன்ன பக்கத்துலேயே நிக்க வச்சுக்குவாங்க" என்றாய்.

அந்த வார்த்தையில் நான் பெருமைப்பட்டேன் என்பதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா?

மூளையில் ரத்தக்கசிவு என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முதலில் உன்னை விட்டுப் போனது ஆங்கிலம். பிறகு மலாய். அம்மா வந்து கையைப் பிடித்தபோது நீ பேசிய தமிழும் போயிருந்தது. ஆனால் பேச்சு போகவில்லை. தெளிவாக, அவசரமாக, எல்லோரையும் பார்த்துப் பேசினாய். யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. தமிழ்த் தாதி என்னிடம் கேட்டாள்: "அக்கா, அவங்க எதோ கேக்குறாங்க. கொஞ்சம் ட்ரான்ஸ்லேட் பண்ணிச் சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரியாதும்மா."

"கூடவே இருந்தீங்கன்னு சொன்னீங்க?"

ஊரில் இருக்கும் உன் தங்கையை அழைக்க எத்தனையோ முறை முயன்றேன். அங்கே தொடர்பு கிடைக்கவில்லை. மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், உன் குரல் மாறியது. ஏறி, ஒரு கணம் தொங்கி, இறங்கியது. பிறகு நீ நிறுத்தினாய். என் முகத்தையே பார்த்தாய். அந்த இடைவெளி எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஹியாவ்" என்றேன்.

உன் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். அடுத்த வரிக்குப் போனாய். மறுபடி நிறுத்தினாய். மறுபடி சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். நீ சொல்லச் சொல்ல நான் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் ஆகட்டும் என்றேன். பிறகு நீ கண்ணை மூடினாய். அதன்பின் பேசவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாய்.

தங்கை பிற்பாடுதான் கிடைத்தாள். அழுது ஓய்ந்த பிறகு அவள் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி, எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று அக்கா ஏதாவது சொன்னாளா என்பதுதான். உன் வீட்டுப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வீட்டார் அக்ராவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அம்மா வீட்டார் ஆற்றங்கரைக்கு என்றார்கள். நீ சொன்னது தெரிந்தால் பேச்சு முடிந்துவிடும்.

"நிறையச் சொன்னாள். பிரார்த்தனை மாதிரி இருந்தது. நான் ஹியாவ் சொன்னேன்" என்றேன்.

"எந்த மொழியில் சொன்னாள்? அப்பாவுடையதா, அம்மாவுடையதா?"

அதுகூட எனக்குத் தெரியவில்லை. உன்னை எத்தனை தடவை கோபப்படுத்திய விஷயம் அது. எனக்கு மொழி தெரியாது, பதில் சொல்லும் இடம் மட்டும்தான் தெரியும் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அதைப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு மறுநாள் அழைத்தாள்.

"அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அர்த்தம் தெரியாமல் ஹியாவ் சொல்கிற மனுஷி உலகத்தில் கிடையாது என்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டு போ என்று அக்கா கேட்டிருந்தால், அதற்கு ஆகட்டும் என்று சொன்னவள் அவளை அங்கேயே விடுவாளா? விடமாட்டாள். நீ அவளைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லவில்லை. அப்படியானால் அவள் கேட்கவில்லை. அங்கேயே வையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள் என்கிறார்கள்."

"இல்லை, நான் சொல்வதைக் கேள்" என்றேன்.

"சொன்னேன். எல்லாம் சொன்னேன். சாட்சியோடு சொன்ன சொல் முடிந்த சொல் என்றுவிட்டார்கள்."

அப்படித்தான் உன்னைப் பினாங்கு மண்ணில் வைத்தோம். உன் தேவாலயத்து ஆட்கள் பாடினார்கள். அம்மா உன் தலைமாட்டில் நின்று ஜெபமாலை சொன்னார். முன்பாதி முடியும் இடத்தில் பழக்கத்தில் நிறுத்திவிட்டு, சுற்றிப் பார்த்தார். நான் தாமதமாகத்தான் எடுத்தேன்.

உன் வீட்டார் என்மேல் கோபமாக இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் பண்டிகையன்று விடியற்காலையில் வீடு வீடாகப் போய், அந்த வருடம் இறந்தவர்களுக்காகக் கட்டிப்பிடித்து அழுவார்களாம். நீ சொல்லியிருக்கிறாய். இந்த வருடம் உனக்காக அழுதபோது தங்கை எனக்கு வீடியோவில் காட்டினாள். பெண்களின் அழுகை ஓய்ந்ததும் ஒரு பெரியவர் திரைக்கு அருகில் வந்து, கும்பிடுவதுபோல் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். "அவளுக்குப் பதில் சொன்னவள் என்று உனக்கு நன்றி சொல்கிறார்" என்றாள் தங்கை. பிறகு அவர் என்னைப் பார்த்து, ஒமன்யே அபா என்ற அந்த வரியை எடுத்தார். முற்றத்தில் இருந்த எல்லோரும் ஹியாவ் என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே தங்கையிடம் கேட்டேன், எனக்கு மொழி சொல்லித் தருவாயா என்று. எது என்றாள். இரண்டும் என்றேன். இப்போது தினமும் குரல் செய்தி அனுப்புகிறாள். ஃபெரியில் காதில் மாட்டிக்கொண்டு திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். தண்ணீர். உப்பு. உட்கார். என் அம்மா எங்கே. எது கா, எது டங்மே என்று இப்போது ஓரளவு பிரித்துச் சொல்ல முடிகிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் அந்த வார்டில் நீ சொன்னது என் காதில் அப்படியே கிடக்கிறது, அர்த்தம் இல்லாமல், உன் மூச்சோடு. ஒவ்வொரு புதுச் சொல்லாகக் கற்கும்போதும் பயமாக இருக்கிறது. என்றாவது ஒருநாள், கடலுக்கு நடுவிலோ வகுப்பில் நிற்கும்போதோ, அதில் ஒரு வரி எனக்குப் புரிந்துவிடும். அது வீட்டுக்குக் கொண்டு போ என்றுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ கேட்டாய், நான் உன் கண்ணைப் பார்த்து ஆகட்டும் என்றேன், நீ என்னை நம்பிக் கண்ணை மூடினாய்.

தங்கையிடமிருந்து இன்றைக்கு வந்த சொல்லை இன்னும் கேட்கவில்லை. இதை எழுதி முடித்ததும் கேட்பேன்.