இரண்டாவது போத்தல்

என்னோடு கொழுவிச் சண்டை பிடிக்காமல் ஒரு நாளும் ரெலிபோனை வைக்காத என் அன்பு அண்ணைக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். மோர்னிங்சைட்டில் பனி முழங்கால் வரை கிடக்கிறது. உங்கள் வீட்டு வாசலை இந்த முறை நான்தான் வழித்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. நீங்கள் இருந்திருந்தால் யன்னலுக்குள் நின்றபடி, கரையில் இன்னும் கிடக்கிறது என்று கையைக் காட்டியிருப்பீர்கள்.

பத்திரிகையில் உங்கள் படத்தோடு ஒரு நினைவஞ்சலி போடவேண்டும் என்று மச்சாள் சொன்னார். "உமக்குத்தான் எழுத வரும். அவற்ற மரங்களைப் பற்றியும் ரெண்டு வரி எழுதும்" என்று சொல்லி, உங்கள் தோட்டக் கொப்பியை என் கையில் தந்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தக் குளிரில் கறுத்தக்கொழும்பான் மாமரத்தைக் காய்க்க வைத்த மனிதர் என்று தொடங்கலாம் என நினைத்திருந்தேன்.

கொப்பியைப் படித்துச் சிரித்தேன். சட்டியில் நிற்கிற ஒரு மாமரத்துக்கு இத்தனை கவனிப்பா? மே கடைசியில் வெளியே, செப்ரெம்பர் கடைசியில் உள்ளே. சில்லுப் பலகையில் வைத்து உருட்டியதில் கால் பெருவிரல் நசிந்தது. தேசிக்கு வெயில் விழுகிற யன்னல், கொய்யாவுக்கு அடுத்த யன்னல். அன்னமுன்னா இலையெல்லாம் கொட்டிவிட்டது, பயப்பட வேண்டாம். தேனீ வராத கண்ணாடி அறையில் நீங்களே தூரிகை எடுத்துப் பூவுக்குப் பூ தடவியது. கலியாணத்துக்கு முந்தி மச்சாளுக்குக்கூட நீங்கள் இவ்வளவு எழுதியிருக்க மாட்டீர்கள்.

பிறகு கடைசியாக எழுதிய பக்கம் வந்தது. உங்கள் குண்டெழுத்தில் மூன்றே மூன்று வசனம். இன்றும் அடித்தேன். முதற் போத்தல் அரைவாசி. இரண்டாவது பத்திரமாக இருக்கு.

எங்கே பத்திரமாக இருக்கிறது, அண்ணை?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திருப்பிச் சொல்கிறேன். மாமரம் பூத்துக்கொண்டிருந்தபோது பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி பிடித்தது. இங்கே கடையில் விற்பதையெல்லாம் அடித்துப் பார்த்தீர்கள், போகவில்லை. நான் ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போகிறேன் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். "இஞ்ச விக்கிறது சவுக்காரத் தண்ணி. ஊரில வெங்காயத்துக்கு அடிக்கிறதில ரெண்டு போத்தல் கொண்டா. மச்சாளுக்குச் சொல்லிப்போடாத."

சுன்னாகத்தில் ஒரு கடையில் வாங்கினேன். கனடாவில் வெங்காயம் செய்கிறீர்களோ என்று கடைக்காரர் கேட்டுச் சிரித்தார். மண்டையோட்டுப் படம் போட்ட போத்தலோடு விமானம் ஏற முடியாது. ஆகவே தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற நெல்லிரசம் வந்த இரண்டு போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, அவற்றில் அதை ஊற்றினேன். நிறமும் ஏறத்தாழ நெல்லிரசத்தின் நிறம்தான், பழுப்பு மஞ்சள். மூடியை இறுக்கி, பொலித்தீனில் சுற்றி, சேலைக்குள் உருட்டி வைத்தேன். ரொறொன்ரோ விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். மிளகாய்த்தூள் என்றேன்.

நான் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். நாள் முழுதும் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டுவதுதான் என் வேலை. அந்த இரண்டுக்கும் ஒட்டவில்லை. உங்களிடம் தரும்போது, என்னவென்று எழுதி ஒட்டுங்கோ அண்ணை என்று சொன்னேன். "இந்த வீட்டில இருக்கிறது ரெண்டு பேர். ஆருக்கு எழுதி ஒட்டிறது?" என்று கேட்டீர்கள். நானும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

தை மாதம் முழுதும் ஒரு யன்னல்கூடத் திறக்க முடியாத குளிர். அந்தக் கண்ணாடி அறைக்குள் நின்று அடித்தீர்கள். கொரோனா வந்து போனதிலிருந்து உங்களுக்கு எந்த மணமும் தெரியாது. தலையிடிக்கிறது, கண்ணால் தண்ணீர் வருகிறது என்று ரெலிபோனில் சொன்னீர்கள். பூச்சி எல்லாம் செத்துப்போச்சு என்று அதே மூச்சில் சந்தோஷமாகச் சொன்னீர்கள். மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். இதயம் என்றார் டொக்டர். ஏற்கெனவே ஒரு தடவை நோவு வந்த இதயம் என்பதால் யாரும் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடியவள் நான் ஒருத்தி மட்டும். நான் வாய் திறக்கவில்லை.

செத்தவீடு முடிந்த அடுத்த நாள், மரங்களுக்குப் போட்ட விளக்கை நிறுத்தப்போகிறேன் என்று சொல்லி அந்த அறைக்குள் போனேன். அரைவாசிப் போத்தல் மாமரச் சட்டிக்குப் பின்னால் நின்றது. கைப்பைக்குள் வைத்துக் கொண்டுபோய், நகரசபை நஞ்சுக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்தேன். இதற்குள் என்ன என்று அங்கே கேட்டார்கள். தெரியாது என்றேன். மற்றப் போத்தலை நீங்கள் முன்னரே அடித்து முடித்திருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்த ஒரு வருடத்தையும் கொண்டுபோனேன்.

அந்த மூன்று வசனத்தையும் படித்தபின் மறுபடி மச்சாளிடம் போனேன். ஏதோ சாதாரண கதை மாதிரி, அண்ணையின் பழைய நெல்லிரசப் போத்தல் ஏதும் வீட்டில் கிடந்ததோ என்று கேட்டேன்.

"ஓம், பேஸ்மென்ற் அலுமாரியில ஆறு கிடந்தது. அவர் கொடித்தோடை ரசம் காய்ச்சி ஊத்தி வைச்சதெல்லே. ஒண்டை அவற்ற படத்துக்கு முன்னால வைச்சிட்டன். மற்றதை முப்பத்தொண்டு அண்டைக்கு மரங்களோட சேத்துக் குடுத்திட்டன். அவற்ற கையால செய்தது ஏதும் தாங்கோ எண்டு சனம் கேட்டது."

அந்த அறையின் கூரைக்குக் கீழே கயிறு கட்டிக் கொடித்தோடை படரவிட்டிருந்தீர்கள். பழத்தைப் பிழிந்து, சீனி போட்டுக் காய்ச்சி, கையில் கிடைத்த வெறும் போத்தலில் ஊற்றி வைப்பீர்கள். அதுவும் பழுப்பு மஞ்சள்தான். கொப்பியைத் திரும்ப விரித்தேன். ஐப்பசி மாதப் பக்கத்தில் எழுதியிருந்தது, கொடித்தோடை ரசம், ஐந்து போத்தல்.

அலுமாரியில் ஆறு கிடந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கு அன்று உங்கள் மரங்கள் வீட்டைவிட்டுப் போனது எனக்கு நல்ல ஞாபகம். குளிர் பிடிக்கக்கூடாது என்று கம்பளியால் சுற்றினோம். கார்களில் ஹீற்றரைப் போட்டுச் சூடாக்கிவிட்டுத்தான் ஏற்றினோம். கொய்யாவை முன் சீற்றில் இருத்திப் பெல்ற்றும் போட்டார்கள், உங்களைக் கொண்டுபோவது மாதிரி. மாமரம் மட்டும் மச்சாளோடு நின்றது. மரம் கொண்டுபோன ஒவ்வொருவரும் ஒரு போத்தலும் கொண்டுபோனார்கள். நான் உள்ளே சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நஞ்சில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும். ரசம் அப்படி வெளுக்காது. முதலில் உங்கள் படத்துக்கு முன்னால் இருந்த போத்தல். மச்சாள் தேத்தண்ணி போடுகிற நேரத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். மெல்லிய மஞ்சளாகக் கரைந்தது. மூடி வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் வழக்கம்போல ஸ்ரூடியோச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த நாள் விட்பிக்குப் போனேன். கொய்யாவைக் கொண்டுபோன உங்கள் கூட்டாளி வீடு. போத்தலைக் கண்ணாடி அலுமாரிக்குள், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில், வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கிறார்கள். ரசம் பழுதாகியிருக்குமோ என்று பார்க்க வந்தேன் எனப் பொய் சொன்னேன். அவருடைய மகள் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். "அன்ரி, ஏன் தண்ணியில விடுறீங்கள்? டேஸ்ற் பண்ணிப் பாக்கலாமே." பழுதென்றால் தண்ணீரில்தான் தெரியும் பிள்ளை என்றேன். அந்தத் தண்ணீரும் வெளுக்கவில்லை.

இப்படி இன்னும் மூன்று வீடுகள். எங்கேயும் போத்தல் திறக்கப்பட்டிருக்கவில்லை. எங்கேயும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "அண்ணையின்ர வருசத்துக்குத் திறப்பம் எண்டு வைச்சிருக்கிறம்." உங்களில் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வெளுக்காமல் நின்றபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் ரசமாக இருக்க இருக்க, நஞ்சு மிச்சப் போத்தலில்தான் என்று ஆகிக்கொண்டே வந்தது. ஐந்தும் ரசம்.

ஆறாவது போத்தல் பிறம்ரனுக்குப் போயிருக்கிறது. கொண்டுபோனவரின் பெயர் மச்சாளுக்குத் தெரியாது. "அவரோட வெயாஹவுஸில வேலை செய்தவராம். கட்டையான ஆள், கண்ணாடி போட்டவர். தேசி மரம் கொண்டுபோனவர்." வெயாஹவுஸுக்குப் போய் விசாரித்தேன். அங்கே உங்களைத் தெரிந்தவர்களே இப்போது இல்லை, ஆட்கள் மாறிவிட்டார்கள். செத்தவீட்டில் கையெழுத்து வாங்கிய புத்தகத்தைப் புரட்டினேன். பாதிக் கையெழுத்து யாருக்கும் வாசிக்க வராது.

இனிக் களவாக ஒன்றும் செய்ய இடமில்லை, அண்ணை. தமிழ்க் கடை வாசல் எல்லாவற்றிலும் இந்தப் பத்திரிகை அடுக்கிக் கிடக்கும். அந்த மனிதர் மீன் வாங்கவோ பாண் வாங்கவோ வந்தால், உங்கள் படத்தைக் கண்டு நிற்பார். அதனால்தான் உங்கள் பெருமையை எழுதவேண்டிய இடத்தில் இதை எழுதுகிறேன்.

பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முதல், இவ்வளவையும் நேற்று மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடி அறைக்குள்தான் இருந்தோம். மாமரம் இந்த முறையும் பூத்திருக்கிறது. வெள்ளைப் பூச்சியும் திரும்ப வந்திருக்கிறது. மச்சாள் ஈரப் பஞ்சால் ஒவ்வொரு காம்பாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் வாசித்து முடித்தபோது அவர் கை நின்றுவிட்டது.

"தலையிடிக்குது, தலையிடிக்குது எண்டு சொன்னவர். நான் தைலம் பூசிவிட்டனான். அந்த நஞ்சாலயோ அவர் போனவர்?"

தெரியாது என்றேன். இந்த முறை அது பொய்யில்லை.

மச்சாள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கையிலிருந்த பஞ்சால் அடுத்த காம்பைத் துடைத்தார். பிறகு திடீரென்று பஞ்சை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த மனிசன் போத்தலை ரெண்டு கையாலயும் வாங்கினவர். 'இதை இப்ப திறக்கமாட்டன் அக்கா. அண்ணையின்ர வருசத்தண்டைக்கு வீட்டில எல்லாருக்கும் ஒவ்வொரு கிளாஸ் கரைச்சுக் குடுப்பன்' எண்டு சொன்னவர். என்னோட பிறகு கதைப்பீர். முதல் அவரைக் கண்டுபிடியும்."

பத்திரிகை வெள்ளிக்கிழமை வரும். ஞாயிறு திவசம்.

கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, நான் அவரோடு பேசவேண்டும். பிறம்ரனில் இருக்கிற ஐயா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் அண்ணையின் தேசி மரத்தையும் ஒரு நெல்லிரசப் போத்தலையும் கொண்டுபோனவர் நீங்கள். அந்தப் போத்தலுக்குள் இருப்பது ரசம் இல்லை. பயிருக்கு அடிக்கிற நஞ்சு. திறக்காதீர்கள், மணந்து பார்க்காதீர்கள், சிங்கில் ஊற்றாதீர்கள். ஒருவரும் தொடாத இடத்தில் வைத்துவிட்டு, அண்ணையின் படத்துக்குக் கீழே இருக்கிற ரெலிபோன் இலக்கத்துக்கு எடுங்கள். எந்த நேரமானாலும் எடுங்கள். உங்களில் ஒரு பிழையும் இல்லை. அவரை நினைத்து வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், பத்திரிகையை மடிக்குமுன் அவருக்கு ஒரு கோல் எடுங்கள்.

அண்ணை, இவ்வளவு நாளும் உங்கள் மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைத்தான் காப்பாற்றினேன். நீங்கள் இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? உனக்கு வாய் கூடிப்போச்சு என்பீர்களோ, இப்போதாவது திறந்தாயே என்பீர்களோ?

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் படைக்கும்போது ரெலிபோன் என் மடியில் இருக்கும். அந்தப் போத்தல் வந்தால் நானே நஞ்சுக் கழிவு எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இதற்குள் என்ன என்று அங்கே கேட்பார்கள். பெயரைச் சொல்வேன், யார் கொண்டுவந்தது என்றும் சொல்வேன். அதற்குப் பிறகு மச்சாளையும் கூட்டிக்கொண்டு உங்கள் டொக்டரிடம் போய், அந்த மூடிய அறைக்குள் ஒரு மாதமாக நீங்கள் எதைச் சுவாசித்தீர்கள் என்று சொல்வேன். அவர் என்ன பதில் சொன்னாலும், உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்று அதை உங்களுக்கும் சொல்வேன். இது சத்தியம்.

அந்தப் போத்தலை உங்கள் கையில் கொண்டுவந்து தந்த
உங்கள் தங்கச்சி
வசந்தி