தொட்டிக்குள் கிடந்த சேறு

அன்பு மகளுக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் அப்பா உன்னிடம், ‘காட்டுல கொஞ்சம் தீ, அணைச்சுட்டாங்க’ என்று சொன்னது பாதிப் பொய். நீ பதறுவாய் என்று மறைத்துவிட்டார். எனக்கு வயிறு எரிகிறது, உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது.

நம் தெருக்கோடியில், காடு தொடங்குகிற இடத்தில், தீயணைப்பு வண்டிக்கென்றே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, சின்ன வயதில் எட்டிப் பார்த்து என்னிடம் அடி வாங்குவாயே, அதேதான். கோடைக்கு முன்பே நகராட்சிப் பொறியாளரிடம் போய், தொட்டி முழுக்கச் சேறும் சருகும், மேலே போட்ட கம்பிக் கதவில் துருப்பிடித்த பூட்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை, ஒருமுறை வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். ‘தண்ணி ரொம்பித்தானேம்மா இருக்கு, ஏன் பயப்படுறீங்க?’ என்றார். போகும்போதெல்லாம் நாற்காலி போட்டு உட்கார வைப்பார், மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் காற்று திரும்பியது, காட்டு மேட்டில் எரிந்த தீ தெருவுக்கே இறங்கிவிட்டது. வண்டி சீக்கிரமே வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதிலிருந்த தண்ணீர் முதல் வீட்டுக்கே சரியாகப் போயிற்று. தொட்டிக்கு ஓடினால் பூட்டு. உன் சித்தப்பா கடப்பாரையால் நெம்பி உடைத்தார். குழாயை இறக்கி மோட்டாரைப் போட்டால் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் சேறு, அப்புறம் இருமுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தீயணைப்புக்காரர் குழாய் வாய்க்குள் கையை விட்டுச் சருகைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார், பாவம், அழாத குறை. அதற்குள் தையல்கார அக்கா வீட்டுக் கூரை பற்றிக்கொண்டது. ‘விடுங்க, உள்ள ஊரார் துணி இருக்கு’ என்று திமிறினாள், அப்பாவும் நானும் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினோம். பக்கத்து ஊர் வண்டி வந்ததால்தான் நம் வீடு தப்பியது. உயிருக்குச் சேதமில்லை. அவள் வீடும் தையல் மிஷின்களும் போய்விட்டன.

மறுநாள் பொறியாளர் வந்து கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, ‘பூட்டை உடைச்சது யாரு?’ சித்தப்பா, ‘நான்தான்’ என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனுஷனைத் தொட்டிக்குக் கூட்டிப்போய், கையில் ஒரு கழியைக் கொடுத்து, உள்ளே விட்டுப் பாருங்கள் என்றேன். முழங்கை அளவு இறங்கியதும் சேற்றில் நின்றுவிட்டது. அந்த வாரமே ஆட்கள் வந்து தூர் வாரினார்கள், குழாய்க்கு வலை கட்டினார்கள், பூட்டுக்குப் பதில் வெறும் தாழ்ப்பாள் வைத்தார்கள். நேற்று வண்டியைக் கொண்டுவந்து சோதித்தபோது தண்ணீர் மரத்து உச்சி வரை பீய்ச்சி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தையல்கார அக்கா மட்டும், ‘இவ்வளவுதானா வேல?’ என்று கேட்டாள்.

அவள் இப்போது உன் அறையில்தான் இருக்கிறாள். உன் சேலைகளில் சிலதைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. உங்கள் பக்கமும் காடுதான் என்கிறாய், தீயணைக்கத் தண்ணீர் எங்கே என்று போய்க் கேள். இருக்கிறது என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதே, திறந்து காட்டச் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா