புல்லுருவி தின்ற புழுக்கள்

அக்கா,

இன்று காலை துணி காயப்போடும்போது கொடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. இறக்கையின் அடியில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. ஈரச் சட்டையும் கையுமாக நின்றுவிட்டேன். உங்கள் நினைவு வந்தது, கூடவே சிரிப்பும்.

இந்தத் தீவில் டெய்ரி ஃபார்ம் பகுதிக்கு நாங்கள் குடிவந்தபோதே வாசல் மாமரத்தில் புல்லுருவி ஏறியிருந்தது. மரத்தின் சத்தை உறிஞ்சி அது மட்டும் செழித்தது. இரண்டு வருடமாகக் காயே இல்லை. மரத்தை வெட்டிவிடலாம் என்று இவர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் சொல்லிவிட்டார். அந்த வாரம் பார்த்து கிளையெல்லாம் மஞ்சள் புழு. நூல் விட்டு இறங்கி என் தலையிலும் விழுந்தது. அருவருப்பில் ஜங்லிகாட் கடைத்தெருவுக்குப் போய் பூச்சிமருந்து வாங்கி வந்தேன்.

ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரரான உங்களிடம் புலம்பியதுதான் தாமதம், சாயங்காலமே ஸ்கூட்டரில் வந்துவிட்டீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, மாவிலை ஒன்றும் புல்லுருவி இலை ஒன்றும் பறித்து, நாலு புழுவோடு என் பலகார டப்பாவில் போட்டுத் துணியால் மூடினீர்கள். அந்த டப்பாவை அப்புறம் நான் சமையலறைக்குள் விடவேயில்லை.

மறுநாள் நீங்கள் வந்து திறந்தால் புல்லுருவி இலையில் நரம்புதான் மிச்சம். மாவிலையில் ஒரு கடி இல்லை.

“ஏட்டி, இது உன் மரத்துக்கு வைத்தியம் பாக்க வந்திருக்கு. இதுக்குப் போயி தவாய் அடிக்கப் பாத்தியே,” என்றீர்கள், மருந்துப் பாட்டிலைக் காட்டி.

ஞாயிறன்று பூசை முடிந்த கையோடு வந்து, கோடாலியோடு நின்ற வங்காளிக்காரரிடம், “தோ மஹினா ருக்கோ, பையா,” என்று இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னீர்கள். அவர் டீ குடித்துவிட்டுச் சிரித்தபடி போனார். இவருக்குத்தான் கோபம். மரத்துக்கு நான் பொறுப்பு என்று அன்றுதான் முதல்முறையாக இவர் எதிரில் நின்று சொன்னேன்.

புழுக்கள் முழு வேலையையும் முடிக்கவில்லை. இலையெல்லாம் தின்று புல்லுருவியை மொட்டையாக்கிவிட்டு, வண்ணத்துப்பூச்சிகளாகிப் பறந்துவிட்டன. மிச்சத்தை, அது பற்றியிருந்த சிறு கிளைகளோடு நாம் இருவரும் அறுத்துப் போட்டோம். அடுத்த கோடைக்கு மரம் காய்த்தது. முதல் காயை இவரே பறித்து உங்களுக்குத்தான் கொண்டுவந்தார்.

சிகிச்சைக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டு போன நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுதினால் அதட்டுவீர்கள்.

இப்போது இந்தத் தெருவில் யார் மரத்தில் என்ன ஊர்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் எனக்கு ‘கீடேவாலி தீதி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள், பூச்சிக்கார அக்காவாம். உங்களுக்கு வரவேண்டிய பெயர். நான் யாரையும் திருத்துவதில்லை. கூப்பிட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.