ஒரே பெயர், ஒரே இடம்

மார்ச் 3
இன்று பதினொரு போன். எல்லாம் ஒரே கேள்விதான்: "ஃபைலை எங்க வைக்கணும்?" ரத்தப் பரிசோதனைக் கருவிகள் தரும் முடிவுகளைப் படிக்கும் எங்கள் மென்பொருள் லைப்ரரியில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பிளகின், அதாவது அந்தக் கருவிக்கென்று எழுதிச் செருகும் ஒரு சின்ன நிரல். எழுதுபவர்களில் ஒருவர் அதற்கு 'ஃபைனல்-புதுசு' என்று பெயர் வைப்பார், இன்னொருவர் தன் பெயரையே வைப்பார். என் பட்டியலில் நான் கையால் சேர்த்தால்தான் எதுவும் ஓடும். இதுவரை அதில் எனக்குப் பெருமைதான்.

மார்ச் 4
தங்கைக்கு ஏப்ரலில் பிரசவம். மூன்று வாரம் லீவு கேட்டேன். "நீங்க போயிட்டா எது எங்க இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்?" என்கிறார் மேனேஜர். பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன ஆளா, அலமாரியா?

மார்ச் 9
கிடைச்சிடுச்சு! பட்டியலே வேண்டாம். கருவிக்கு ஒரு ஃபோல்டர். கருவியின் பெயரே ஃபோல்டருக்கு, உள்ளே இருக்கும் முக்கிய ஃபைலுக்கும் அதே பெயர். பிளகின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை ஃபைல்கள் அதற்குப் பக்கத்திலேயே. பெயரும் இடமும் சரியாக இருந்தால் லைப்ரரி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இவ்வளவுதானா? இதுக்கா நாலு வருஷம் போன் எடுத்தேன்?

மார்ச் 16
விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார்: எங்கள் டீமில் இல்லாத ஒருவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெள்ளிக்குள் பிளகின் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் லீவு. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்த உதவி மையத்து அக்கா ஒத்துக்கொண்டார். "எனக்கே புரிஞ்சா எல்லாருக்கும் புரியும், பயப்படாத."

மார்ச் 17
மானம் போயிற்று. பழைய பிளகின்களையெல்லாம் புது விதிப்படி மாற்றிச் சரிபார்த்தேன். இருபத்தாறில் ஒன்றுதான் தேறவில்லை. நான் எழுதியது.

மார்ச் 19
காலையிலிருந்து அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கிறாரோ? எட்டிப் பார்க்கக் கால் பரபரக்கிறது — கூடாது, நான் வாயைத் திறந்தால் லீவு போச்சு. மணி மூணு. என்னதான் பண்றாங்க இவங்க?

நான்கு மணிக்குக் கேன்டீனில் பிடித்தேன். "அதுவா? காலைல பத்தரைக்கே ஓடிடுச்சே. சொல்லணுமா என்ன?" அப்படியே கட்டிக்கொண்டேன். அவர் டீ என் சட்டையில்.

மார்ச் 20
லீவு கையெழுத்தாகிவிட்டது.

ஏப்ரல் 11
தங்கைக்குப் பெண் பிறந்து ஐந்து நாள். மடியில் தூங்குகிறாள். வந்ததிலிருந்து ஆபீஸிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. மனசு கேட்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று புது பிளகின்கள், மூன்றும் ஓடுகின்றன. என் விதிப் பக்கத்தில் ஒரு வரியை, எனக்கு முகம்கூடத் தெரியாத யாரோ திருத்தியிருக்கிறார். என்னைக் கேட்கவே இல்லை. சுருக்கென்றது. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அவர் எழுதியதுதான் சரி.