நித்திரைக்காகப் பிடித்த சண்டை

அன்பு லூசியாவுக்கு,

இங்கே கத்தாரில், தோகாவில் நான் சிங்கம்போல இருக்கிறேன். உன்னையும் பிள்ளைகளையும் மாதா காப்பாற்றட்டும்.

இரவு வேலை முடிந்து வந்தாலும் பகலில் நித்திரை வருவதில்லை. போன கிழமை சோற்றுக் கோப்பையைப் பார்த்து அழுதுவிட்டேன். பகிடிதான், பயப்படாதே. "நித்திரை இல்லாவிட்டால் ராசாவுக்கும் மனம் உடையும்" என்று டொக்டரே கதிரையை விட்டு எழும்பிச் சொன்னார்.

அதற்குப் பிறகும் சுப்பவைசர் பகல் வேலைக்கு வா என்று தட்டி எழுப்பினான். "கடலுக்குப் போய் வந்தவன் படுத்தால் எங்கட அரிப்பு ஊரில படகு முதலாளி சம்மாட்டியும் கதவு தட்டமாட்டார். நான் வரமாட்டன், போ" என்றேன். கட்டடமே நடுங்கியது. வேலை போனால் போகட்டும், புத்தி போகக்கூடாது.

நீ செபமாலை சொல்வதைப் போனில் பதிந்து அனுப்பு. நடுவில் பிள்ளைகளை ஏசுவதை வெட்டாதே. அதைக் கேட்டால் கண் மூடும்.

மனேச்சர் கூப்பிடுகிறாராம். அவருக்கும் இதையேதான் சொல்லப்போகிறேன்.

உன் எமிலியானுஸ்