காரில் தொடரும் ஆட்டம்

ஏறாவூர்,
ஓகஸ்ட் 18

அன்புள்ள ஷிஹான் காக்காவுக்கு,

மகன் பாஹிமை நீங்கள் ஏற்றுமதிக்கு வளர்க்கிறீர்கள்.

வாவிக்கரை இறால் பண்ணையில் செய்கிற மாதிரித்தான். அளந்து தீனி, அளந்து தண்ணீர், எடை வந்ததும் ஐஸ் பெட்டி, அப்புறம் விமானம். சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். இனி, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் ரிப்கா மதினியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம். என் கராஜில் வேலைக்குக் குறைவில்லை. மழை வரப் போகிறது என்று இரண்டு வாரமாக எல்லாரும் சொல்கிறார்கள், மழைக்குத்தான் அது தெரியவில்லை.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால், மூத்தவர் என்ற உரிமையில், உனக்கு இது விளங்காதுடா றுமைஸ் என்று பாதியில் வெட்டிவிடுகிறீர்கள். குரல் பதிவு அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறீர்கள் என்று மதினி சொன்னா. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் மகனின் பையிலேயே வைத்து அனுப்புகிறேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தன்னைப் பற்றிய வழக்கைத் தானே சுமந்துகொண்டு வருகிறான், பாவம்.

அவன் செய்தியைச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த முதல் வாரம் நீங்கள் போனில் போட்டுக் கொடுத்த பயிற்சி அட்டவணைப்படிதான் எழும்பினான், ஓடினான், சாப்பிட்டான். எங்கள் ஒழுங்கையில் அவன் ஓடியதை நாய்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால் உங்கள் அட்டவணை கேட்டதை விட வேகமாகவே ஓடினான். ஸாதியா அவனோடு வளவுக்குள் பந்து அடித்து வென்றுவிட்டு, காக்காட மகனுக்குக் காலிருக்கு, ஆனா நிமிர்ந்து பாக்கத் தெரியல்ல என்று தீர்ப்புச் சொன்னாள். நம் தங்கச்சியின் வாய் உங்களுக்குத் தெரியும்.

பின்னேரங்களில் கழகத்துப் பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுக்கிற அந்த வாவிக்கரை மைதானத்துக்கு அவனைக் கூட்டிப் போனேன். நீங்கள் போன பிறகு அங்கே ஒரு முன்னேற்றம் நடந்திருக்கிறது. பார்வையாளர் மண்டபம் கட்டுவதாக ஒரு பெரியவர் வந்து அடிக்கல் நட்டுவிட்டுப் போனார். மண்டபம் வரவில்லை. கல்லில் அவர் பெயர் பெரிதாக இருக்கிறது. வடக்குப் பக்கக் கோலுக்கு அதுதான் இப்போது ஒரு கம்பம். பெயரின் மேல் பந்து பட்டுத் திரும்பினால் கோல் இல்லை.

இன்னொரு சட்டம் உங்கள் காலத்துக்குப் பிறகு வந்தது. பந்தை வாவிக்குள் அடித்தவன் தானே இறங்கி எடுக்க வேண்டும். அவன் வரும்வரை இன்னொரு பழைய பந்தில் ஆட்டம் நடக்கும், அவனுடைய பக்கத்துக்கு ஒரு ஆள் குறைவு. இதனால் எங்கள் பொடியன்கள் பந்தை மேலே தூக்குவதே இல்லை. நிலத்தோடு, கிட்டக் கிட்ட, ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பாஹிம் முதல் நாள் நீளமாக ஒன்று அடித்தான். அழகான உதை. அமெரிக்கப் புல்லில் அது யாருடைய காலிலாவது போய் இறங்கியிருக்கும். இங்கே வாவியில் இறங்கியது. முழங்கால் சேற்றில் நின்று பந்தை எட்டிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்துக்கு ஒரு கோல் விழுந்தது. கரையில் நின்றவர்கள், அமெரிக்கா, வரக்குள்ள ரெண்டு இறாலும் புடிச்சிட்டு வாடா என்று கத்தினார்கள். மறுபடியும் அடித்தான், மறுபடியும் இறங்கினான். அந்த வாரம் முடியும்போது அவனுடைய பந்து நிலத்தை விட்டு எழும்பவில்லை. நிமிர்ந்து ஆளைப் பார்க்கவும் பழகிவிட்டான்.

உடனே நீங்கள், அப்ப ஏறாவூர்ச் சேறுதான் உலகத்தில் பெரிய பயிற்சிக்கூடமா என்று நக்கல் அடிப்பீர்கள். இல்லை. நான் அப்படிக் கதை அளக்க மாட்டேன். இங்கே விளையாடுகிறவனுக்கு முழங்காலில் அடிபட்டால் பார்க்க ஆளில்லை. நல்ல சப்பாத்து ஒன்றை இரண்டு பேர் பங்குபோட்டுப் போடுகிறார்கள். வளவுக்குள் பாஹிமைத் தோற்கடித்த ஸாதியா மைதானத்துக்கு வருவதில்லை. மாமி ஏன் கிரவுண்டுக்கு வாறல்ல, எங்கட நாட்டுல பொம்புளைகள்தானே உலகக் கிண்ணம் எடுத்தவங்க என்று அவன் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டான். நாங்கள் எல்லாரும் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தோம். ஸாதியா மட்டும் சிரித்தாள். அது உங்களுக்கு எழுத வேண்டிய கடிதம் அல்ல, இந்த ஊருக்கு எழுத வேண்டியது. எழுதுவேன்.

இனிப் பதாகைக் கதை. நீங்கள் குடும்பத்துக் குழுவில் பெருமையாகப் போட்டீர்களே, அந்தப் படம். தன்னாமுனை அணியோடு ஆட்டம் என்றதும் கழகத்துச் செயலாளர் கச்சி முகம்மது, எங்களில் யாரையும் கேட்காமல், அமெரிக்கத் தேசிய அணியின் நட்சத்திரம் பாஹிம் என்று அவனுடைய முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துச் சந்தியில் கட்டிவிட்டார். அமெரிக்காவில் பந்தடிக்கிறவன் எல்லாம் அமெரிக்காவுக்கு அடிக்கிறவன்தானே என்பது அவருடைய கணக்கு. பாஹிம் எழுத்து விளங்காமல் பக்கத்தில் நின்று படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினான். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். அது பொய் என்றும் தெரியும். நீங்கள் திருத்தவில்லை, காக்கா. பரப்பினீர்கள்.

ஸாதியா வாசித்துச் சொன்னதும் அவன் முகம் சிவந்துவிட்டது. ஏணி கேட்டான். அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, கோணல்மாணலாகக் கறுப்புப் பெயின்ட்டில் தேசிய அணி என்ற எழுத்தின் மேல் பூசி, அதற்குக் கீழே றுமைஸ்ட காக்காட மகன் என்று எழுதிவிட்டு இறங்கினான். கச்சி முகம்மது அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அச்சுச் செலவைச் சொல்லிச் சொல்லி என்னோடு மட்டும் பேசினார்.

ஆட்டத்தில் தோற்றோம். தன்னாமுனை நிலோஜன் வந்து, அமெரிக்காவின் இரண்டு காலுக்கும் நடுவே பந்தை அனுப்பி, சுற்றிப் போய் எடுத்துக்கொண்டான். கரை முழுக்க ஒரே கூச்சல். நான் பாஹிமைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே துரத்தினான். ஆட்டம் முடிந்ததும் நிலோஜனிடம் போய், அத இன்னொருக்கா காட்டுங்க என்றான். நிலோஜனும் இருட்டும்வரை நின்று காட்டினான். உங்களிடம் அவன் விளையாடிய வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. அவன் சிரிக்கிற ஒன்றாவது இருக்கிறதா?

இப்போது விசயத்துக்கு வருகிறேன். போர்த்துக்கல் பயிற்சிக் கழகம் ஒன்று அவனைக் கேட்கிறது, இந்த மாதத்துக்குள் கையெழுத்து வேண்டும், அமெரிக்காவில் இருந்தால் பணக்காரப் பிள்ளைகளோடு ஓடி வீணாவான், பதினாறில் போகாதவன் ஒருக்காலும் போக மாட்டான் என்று சொல்கிறீர்கள். சிலது சரியாக இருக்கலாம். அங்கே காசுள்ளவன் பிள்ளைதான் மைதானத்துக்குள் நுழைகிறான் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்த அநியாயத்தைக் கேட்டால் எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் உங்கள் நகரத்துக் கழகம் அவனுக்கு இலவசமாக இடம் தருகிறது, பள்ளிக்கூடமும் முடியும், இரண்டு வருடம் பொறுங்கள் என்று அதன் பயிற்சியாளர் சொன்னதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. மதினிதான் சொன்னா.

வெளிநாட்டுக்குப் போனால்தான் ஆளாகலாம் என்று ஏறாவூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஹில்மியை நினைவிருக்கிறதா? இந்த மைதானத்தில் நான் பார்த்தவர்களில் அவனைப் போல ஒருவன் இல்லை. இப்போது வளைகுடாவில் ஒரு பெரிய விளையாட்டரங்கில் பார்வையாளர் உட்காரும் கதிரை துடைக்கிறான். படம் அனுப்பியிருந்தான், பின்னால் பச்சைப் புல். அதில் கால் வைக்க எங்களுக்கு அனுமதியில்லை மச்சான் என்று கீழே எழுதியிருந்தான். ஹில்மிக்கு வீட்டில் வழியில்லை, போனான். வீட்டில் வழியுள்ளவனை ஏன் துரத்துகிறீர்கள்? பதினெட்டில் அவனே போகிறேன் என்று சொல்லட்டும், பையைத் தூக்க நானே வருகிறேன்.

பாஹிம் உங்களைப் பற்றிச் சொன்ன ஒன்றை எழுதத்தான் இவ்வளவும். நேற்றுப் பின்னேரம் வாவிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். வாப்பாவோட மெச் முடியிறல்ல சாச்சா, காருக்குள்ள இன்னொரு மெச் இருக்கு என்றான். வீடு வரும்வரை நீங்கள் ஒவ்வொரு பிழையாகச் சொல்லிக்கொண்டு வருவீர்களாம். உங்களைப் போலவே பேசியும் காட்டினான், அச்சு அசல். நானும் சிரித்து, அப்ப போர்த்துக்கல்லுக்குப் போனாத் தப்பிச்சிருவாய் என்றேன். அவன் சிரிக்கவில்லை. காலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்தான். பிறகு, அங்க மெச் முடிஞ்சா காருக்குள்ள ஆரு இருப்பாங்க என்று கேட்டான்.

அந்தக் கேள்வி எனக்கு வந்ததல்ல, காக்கா. நான் அவனுடைய வாப்பா இல்லை.

வியாழக்கிழமை வந்து இறங்குகிறான். மதினிக்குக் கருவாடும் ஸாதியா செய்த பலகாரமும் அவனிடம் இருக்கின்றன. சுங்கத்தில் கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில் நெடுநாள் வைத்திருக்கட்டும்.

விமான நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்குப் போக நிறைய நேரம் எடுக்கும் என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்கள். இந்த முறை அலுக்காதீர்கள். ரேடியோவை நிறுத்துங்கள். எங்கே விளையாட ஆசை என்று அவனிடம் ஒரே ஒரு தரம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை நீங்கள் திறக்காதீர்கள். அவன் என்ன சொன்னான் என்பதை, ஒரு சொல்லும் மாற்றாமல், எனக்கு எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தம்பி,
றுமைஸ்