இரண்டாந்தரம் கூப்பிடாத விருந்து

மாப்ளே,

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு கொடுக்கிறார்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சுருட்டி, மூங்கில் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். பிரித்தால் ஆவியோடு நாரத்தங்காய்த் தோல் வாசனை வருகிறது. நான் கையைத் துடைத்து, முகத்தைத் துடைத்து, கழுத்தையும் துடைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானில் கை வைத்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து சதாசிவம், "கையோட நிறுத்திக்கோங்ணா" என்றார்.

அந்த வாசனை இந்தக் கடிதம் எழுதும்போதும் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. அதைப் பிடித்ததும் உன் நினைப்பு வந்தது. உன் நினைப்போடு சேர்ந்து ஒன்பது மாசத்து வயிற்றெரிச்சலும் வந்தது. செத்துப்போனவன் யாரோடு சாப்பிட்டான் என்று பொறாமைப்படுகிறவன் இந்தக் கோயமுத்தூரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ரேஸ்கோர்ஸில் காலை நடை முடித்துவிட்டு, தள்ளுவண்டிக்காரரிடம் ராகிக் கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். நடந்தது அரை ரவுண்டு, பேசியது நாலு ரவுண்டு. திடீரென்று நீ, "புதன்கிழமை சாயங்காலம் சுஷி சாப்பிடப் போறேன், வாரியா மாப்ளே?" என்றாய். புதிதாகத் திறந்த ஜப்பான் சாப்பாட்டு இடம், எட்டே நாற்காலி, மெனு கார்டே கிடையாது, சமைக்கிறவர் என்ன வைக்கிறாரோ அதுதான் என்றாய்.

"எனக்கெதுக்கு மாப்ளே அந்தப் பச்சை மீனெல்லாம்" என்றேன்.

இது மறுப்பா? நீயே சொல். நம் பக்கத்தில் விருந்துக்குக் கூப்பிட்டால் முதல் தரம் "எதுக்குங்க" என்போம். இரண்டாந்தரம் "பாக்கலாங்க". மூன்றாந்தரம் கையைப் பிடித்து இழுத்தால்தான், "செரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க" என்று கிளம்புவோம். முதல் தரமே தலையாட்டுகிறவனைச் சோத்துக்குச் செத்தவன் என்பார்கள். உன் கல்யாணப் பந்தியில் "போதுங்க, போதுங்க" என்று இலையைக் கையால் மறைத்துக்கொண்டே ஆறு வடை சாப்பிட்டவன் நான். எண்ணியதே நீதான். முப்பது வருஷமாக என் "வேண்டாம்" உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீ "செரி" என்றாய். கூழ் டம்ளரை வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டாய்.

நான் வீட்டுக்குப் போய் நீலச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன். புதன்கிழமை ஆறு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து, இரவு சீரியல் இரண்டு பார்த்துவிட்டுக் கழற்றினேன். வியாழக்கிழமை காலை ரேஸ்கோர்ஸில் சதாசிவம் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "மொதல்ல ஒரு துண்டு குடுப்பாங்ணா, சுடச்சுட…"

சதாசிவம். கருமத்தம்பட்டியில் தறி வைத்திருக்கிறவர். நம் நடைக்கூட்டத்தில் சேர்ந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

அதன் பிறகு நான் செய்தது எதையும் மறைக்கப் போவதில்லை. பச்சை மீன் சாப்பிட்டதில் சதாசிவத்துக்கு மூன்று நாள் வயிறு நிற்கவில்லை என்று ஒரு சேதியைக் கிளப்பிவிட்டேன். பல்லடத்தில் இருக்கும் அவர் மச்சினன் இளநீரோடு வந்து விசாரிக்கும் அளவுக்கு அது பரவியது. உன்னோடு பேசினேன், சிரித்தேன், ஆனால் அந்தச் சாப்பாட்டைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் பெண் கல்யாணம் நடந்தது. நீ இளைத்திருந்தாய். கல்யாண அலைச்சல் என்றாய். நம்பினேன். ஊரில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்லக்கூடிய எனக்கு, உன் உடம்புக்கு என்ன என்பது ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகப் படுத்த பிறகுதான் தெரிந்தது. ஓடிவந்தேன். உன் கட்டில் பக்கத்தில் ஃபிளாஸ்கோடு சதாசிவம் நின்றிருந்தார். நர்ஸுகள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மின்மயானத்தில்கூட உன் மகனுக்கு அடுத்து நிற்க எனக்கும் அவருக்கும் சத்தமில்லாமல் ஒரு தள்ளுமுள்ளு. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

போன வாரம் பொறுக்க முடியாமல் நானே அவரிடம் கேட்டுவிட்டேன். "ஏனுங் சதாசிவம், என்னை அந்த எடத்துக்குக் கூட்டீட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேரும் உக்காந்த அதே நாற்காலி வேணும்." அவர், "புதன்கிழமை போலாங்ணா" என்றார்.

சமைக்கிறவர் சின்ன வயசுக்காரர், தாராபுரத்துப் பையன், ஜப்பானில் தொழில் கற்றவர். நமக்கு எதிரிலேயே நின்று, ஒரு விரல் நீளச் சோற்றைப் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்துகிறார். "ஒரே வாயில போட்டுக்கோணுங்க" என்கிறார். ஒன்றில் மாங்காய் இஞ்சியைத் துருவி வைத்திருந்தார். இன்னொன்றின் மேல் கொள்ளுப்பொடி தூவியிருந்தது. நம் வீட்டுக் கொள்ளு, கடல் மீனுக்கு மேல் ஏறி உட்கார்ந்து இத்தனை கம்பீரமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நன்றாக இருந்தது, மாப்ளே. நன்றாக இருந்ததுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"அந்த ஐயா வரலீங்களா?" என்று அவர் கேட்டார். சதாசிவம் சொன்னார். சமைக்கிறவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "கொள்ளுப்பொடி போட்டது அவருக்கு ரொம்பப் புடிச்சுதுங்க, இன்னொண்ணு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருங்க" என்றார். எனக்கு அந்தப் பையன் மேலும் பொறாமை வந்தது.

அப்போது சதாசிவத்தின் பக்கம் திரும்பினேன். "நேராக் கேக்கறேனுங்க. அவன் என்னை ஏன் ரெண்டாந்தரம் கூப்பிடல?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "உங்களைக் கூப்பிட்டதே அன்னைக்கு அவரு ஒடம்பு சங்கதியைச் சொல்றதுக்குத்தானுங்ணா. டாக்டர் சொன்னதை. எனக்கு முன்னாலயே தெரியும். லேபுல எதேச்சையா அவரைப் பாத்துட்டேன், அவ்வளவுதான். மத்தபடி என்னைக் கூப்பிடற எண்ணமே அவருக்கு இல்லீங்."

"நான் சும்மாதான வேண்டாமுன்னேன். அது அவனுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்ணா. 'அவன் வேண்டாமுன்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு சதாசிவம்'னாரு. 'அவங்கிட்டச் சொல்லோணும்னு ஆசையா இருக்குது. ஆனா காலைல சொன்னா மத்தியானத்துக்குள்ள திருப்பூர் வரைக்கும் போயிரும். புள்ளை கல்யாணம் முடியட்டும்'னாரு."

சமைக்கிறவர் அடுத்ததை நகர்த்தினார். வாயில் போட்டுக்கொண்டேன். ஒரே வாயில் போட வேண்டும் என்று வைத்தவர்கள் புத்திசாலிகள். கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நியாயம்தான் மாப்ளே. அன்றைக்கு நீ சொல்லியிருந்தால், அழுதுகொண்டேதான் சொல்லியிருப்பேன், ஆனால் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். உன் சம்பந்தி வீட்டுக்கும் போயிருக்கும். தறிக்காரர் ரகசியத்தைக் காப்பாற்றினார். அவரை வெறுக்க இனி எனக்குக் காரணம் எதுவும் பாக்கியில்லை. பொறாமைக்குக் காரணம் தேவையில்லை என்பதால் அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில்தான் அது நடந்தது. கடைசியாக வந்த முட்டைத் துண்டைப் பார்த்ததும் சதாசிவத்துக்குத் திடீரென்று சிரிப்பு பொத்துக்கொண்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்றைக்கு நீ அவரிடம் சொன்ன இன்னொரு சங்கதியைச் சிரிப்போடு சிரிப்பாகக் கொட்டிவிட்டார். கல்யாணமான புதிதில் நீ பண்ணின காரியம். உன் வீட்டுக்காரிக்கு இன்றுவரை தெரியாதது. கொட்டி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, சொல்லிப்போட்டனே. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாருங்ணா. அதுலயும் உங்ககிட்ட மட்டும் கூடவே கூடாதுன்னாரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. நீ இத்தனை பெரிய திருடன் என்று தெரியாமல் முப்பது வருஷம் பழகியிருக்கிறேன். இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பேரை நாற்காலியிலிருந்து விழவைக்கலாம் என்று உனக்கே தெரியும்.

என் வீட்டுக்காரி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். "என்னங்க, தனியாச் சிரிச்சுக்கறீங்க?" ஒன்றுமில்லை என்றேன். மூன்றாந்தரமும் கேட்டாள், நம் ஊர் முறைப்படி. அப்போதும் ஒன்றுமில்லை என்றேன். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.

இந்தக் கடிதத்திலும் எழுதப் போவதில்லை. யார் கையில் கிடைக்குமோ.

சதாசிவம் அதை ஒன்பது மாசம் காப்பாற்றிவிட்டுத் தோற்றுப்போனார். எனக்கு இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அந்த ஆளை முந்தாமல் விடமாட்டேன், மாப்ளே.